கண்ணாடியே சுவரான வீட்டுக்கு என்ன திரை?

எங்கள் வீட்டைத் தெருவிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஜன்னலே இல்லாத வீடு என்றுதான் தோன்றும். மரப்பலகைச் சுவர், ஒரு கதவு, கார் நிற்கும் இடம், அவ்வளவுதான். உள்ளே வந்து நாலு எட்டு வைத்தால் எதிரே சுவரே இருக்காது. தரையிலிருந்து உத்தரம் வரை கண்ணாடி, அதற்கப்பால் தோட்டம். கலிபோர்னியாவின் சன்னிவேலில் 1961இல் ஜோசப் ஐக்லர் கட்டிய வீடு இது. 1950, 60களில் அந்த மாநிலத்தில் ஏறக்குறைய 11,000 வீடுகள் கட்டி விற்றவர் அவர். அதற்கு முன்பு, 1940களில், ஃபிராங்க் லாயிட் ரைட் வடிவமைத்த ஒரு வீட்டில் வாடகைக்குக் குடியிருந்தார். அந்த வீட்டில் மனதைப் பறிகொடுத்துத்தான், நடுத்தரக் குடும்பங்களுக்கும் இப்படி வீடு கட்டித் தர வேண்டும் என்று இறங்கினார். இனம், மதம் பார்க்காமல் யார் வந்து கேட்டாலும் விற்றார் என்பதை நான் எப்போதும் சேர்த்தே சொல்வேன். அந்தக் காலத்து அமெரிக்காவில் அப்படி விற்பதற்குத் துணிச்சல் வேண்டும்.

இன்று ‘மிட்-செஞ்சுரி மாடர்ன்’ என்று சொல்லப்படும் இந்தப் பாணி வீடுகளில் நம்மவர்களும் குடியிருக்கிறார்கள். சாவி கைக்கு வந்த முதல் வாரமே எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: இத்தனை கண்ணாடியையும் எதைப் போட்டு மூடுவது?

கடைக்குப் போனால் எல்லாத் திரைகளையும் மூடிய நிலையில்தான் தொங்கவிட்டிருப்பார்கள். துணியின் நிறத்தையும் நெசவையும் பார்த்து மயங்கி வாங்கிவிடுவோம். ஆனால் இந்த வீட்டில் திரை பகல் முழுவதும் திறந்துதான் கிடக்கப் போகிறது. கூரையைத் தாங்கும் உத்தரங்கள் கண்ணாடிக்கு மேலே வெளியேறி, தாழ்வாரம் வரை அப்படியே நீண்டு போகின்றன. உள்ளே இருக்கும் கூரைப் பலகை எங்கே முடிகிறது, வெளியே எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. வீட்டின் அழகு முழுவதும் அந்தக் கோட்டில்தான் இருக்கிறது. ஆகவே நான் முதலில் கேட்கச் சொல்வது, திறந்து வைத்தால் இந்தத் திரை எங்கே போய் ஒதுங்கும், எவ்வளவு இடத்தை அடைக்கும் என்பதைத்தான்.

ஏழடி உயரக் கண்ணாடியை வைத்துப் பாருங்கள். ரோலர் பிளைண்ட்ஸைச் சுருட்டினால் மூன்று, நான்கு அங்குலம். தேன்கூடு பிளைண்ட்ஸ் நான்கைந்து அங்குலம். பட்டைகளால் ஆன வெனீஷியன், பட்டையின் அகலத்தைப் பொறுத்து அரை அடியிலிருந்து முக்கால் அடி. மூங்கில், மரக்குச்சி நெசவு மடிந்து ஏறும்போது ஓரடி வரை அடைத்துக்கொள்ளும். துணித் திரைச்சீலை மேலே எதையும் மறைக்காது, பக்கவாட்டில் கண்ணாடி அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு கேட்கும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததுமே பாதி முடிவு வந்துவிடும்.

தோட்டத்தைப் பார்த்த பெரிய கண்ணாடிகளுக்கு என் முதல் தேர்வு ரோலர்தான், அதிலும் ‘சோலார்’ துணி. வெயிலை வடிகட்டி, காட்சியை விட்டுவைக்கும் வலை போன்ற துணி அது. 1, 3, 5, 10 சதவீதம் என்று எண் போட்டு விற்பார்கள். நெசவில் எவ்வளவு இடைவெளி என்பதற்கான எண் அது. எண் குறையக் குறைய வெளிச்சமும் குறையும், காட்சியும் மங்கும். மேற்குப் பக்கத்துக்கு 3, வடக்குப் பக்கத்துக்குப் போட்டே ஆகவேண்டும் என்றால் 10 என்பது என் அனுபவக் கணக்கு. நிறத்தில் பலர் ஏமாறுகிறார்கள். வெள்ளைத் துணிதான் வெளியே தெளிவாகக் காட்டும் என்று நினைப்போம். வெள்ளைத் துணி வெப்பத்தைத் திருப்பி அனுப்புவதில் கெட்டி, ஆனால் வெயில் பட்டதும் தானே பளீரென்று ஒளிர்ந்து தோட்டத்தை மறைத்துவிடும். கரிநிறத் துணி வழியே மாமரத்தின் இலை இலையாகப் பார்க்கலாம். சந்தேகமாக இருந்தால் இரண்டு நிறத்திலும் மாதிரித் துண்டு வாங்கி, சாயங்காலம் நாலு மணிக்குக் கண்ணாடியில் ஒட்டிவைத்து, சோபாவில் உட்கார்ந்து பாருங்கள். கடை விளக்கில் தெரியாதது அங்கே தெரிந்துவிடும்.

சோலார் துணிக்கு ஒரு பெரிய குறை உண்டு. அம்மா ஊரிலிருந்து வந்திருந்த சமயம். இரவு எட்டு மணிக்குக் குப்பைத் தொட்டியை வைக்கப் போனவன் தோட்டத்திலிருந்து திரும்பிப் பார்த்தேன். 5 சதவீதத் துணி முழுக்க இறங்கித்தான் இருந்தது. அப்படியும் அம்மா சாப்பாட்டு மேசையில் பூண்டு உரிப்பது தெரிந்தது. தோலை இடதுபக்கம் ஒதுக்குவதுகூடத் தெரிந்தது. உள்ளே வந்து சொன்னேன். “அப்போ பின் வீட்டுக்காரங்களுக்கும் தெரியும்லடா?” என்று உடனே எழுந்து விளக்கை அணைத்துவிட்டார். பகலில் வெளிச்சம் வெளியே அதிகம் என்பதால் நாம் வெளியே பார்க்கிறோம். இரவில் உள்ளே அதிகம், ஆகவே வெளியே இருப்பவர்கள் நம்மைப் பார்க்கிறார்கள். சோலார் துணி போடும் இடத்தில் இரவுக்கென்று இரண்டாவதாக ஒன்று தேவை என்று அன்று புரிந்தது.

அந்த இரண்டாவதுக்குத் துணித் திரைச்சீலைதான் சரி. கொசுவம் வைத்துத் தைத்து, தண்டவாளத்தில் ஓடும் திரைச்சீலைகள் இந்த வீடுகள் புதிதாக இருந்த காலத்திலேயே தொங்கியவை. கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோவின் ஃபார்ன்ஸ்வொர்த் இல்லம், 1951இல் முடிந்தது, நாலு பக்கமும் கண்ணாடி. அதற்கும் பட்டுத் திரைச்சீலைதான் வடிவமைப்பில் இருந்தது. கண்ணாடியும் கான்கிரீட்டும் நிறைந்த கூடத்தில் பேச்சு எதிரொலிக்கும். துணி அதை வாங்கிக்கொள்ளும், வேறு எந்த பிளைண்ட்ஸும் இந்த அளவுக்குச் செய்யாது. ஐக்லர் வீடுகளில் இன்னொரு வசதியும் உண்டு. வெப்பம் கான்கிரீட் தரைக்குள் பதித்த வெந்நீர்க் குழாய்களிலிருந்து வருகிறது, ஜன்னலடியில் காற்று வரும் துவாரம் கிடையாது. திரைச்சீலை தரையைத் தொட்டுத் தொங்கினாலும் எதையும் மறைக்காது. கண்ணாடி அகலத்தைப்போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு துணி எடுங்கள். துணியில் சிக்கனம் பார்த்தால் கொசுவம் விழாமல் போர்வை காயப்போட்டது போல் ஆகிவிடும். ஒதுங்கும் துணிக்குப் பின்னால் சுவர் இருக்கும்படி தண்டவாளத்தைக் கண்ணாடியைத் தாண்டி நீட்ட முடிந்தால் காட்சி முழுசாகக் கிடைக்கும். பூப்போட்ட துணி வேண்டாம். சணல் நூல், தடித்த பருத்தி, நூலின் முடிச்சுத் தெரியும் லினன், இவை மரப்பலகைச் சுவரோடு ஒத்துப்போகும்.

ஆணி அடிப்பதற்கு முன் இரண்டு விஷயத்தில் கவனம் தேவை. தலைக்கு மேலே தெரியும் பலகைதான் கூரையே, அதற்கு மேல் பரண் கிடையாது. பலகை ஏறக்குறைய ஒன்றரை அங்குலக் கனம். நீள ஸ்க்ரூவை முடுக்கினால் மேலே மழைநீர் தடுக்கும் அடுக்கைப் பொத்துவிடும். முடிந்தவரை தண்டவாளத்தை உத்தரத்தின் பக்கத்திலோ கண்ணாடிச் சட்டத்தின் மேல்கட்டையிலோ பொருத்தச் சொல்லுங்கள். அதேபோல் எந்தத் திரைக்காகவும் தரையில் துளை போட விடாதீர்கள். உள்ளே வெந்நீர்க் குழாய் எங்கே ஓடுகிறது என்று வேலைக்கு வருபவருக்குத் தெரியாது.

குளிர்தான் உங்கள் பிரச்சினை என்றால் தேன்கூடு பிளைண்ட்ஸை ஒதுக்காதீர்கள். பழைய ஐக்லர் கண்ணாடி ஒற்றைப் படலம். ஜனவரி இரவில் அதன் பக்கத்தில் உட்கார முடியாது. குறுக்கே வெட்டிப் பார்த்தால் தேனடைபோல் அறை அறையாகத் தெரியும் இந்தத் துணி காற்றைச் சிறைப்பிடித்து வைக்கிறது. இறுக்கமாகப் பொருத்தினால் ஜன்னல் வழியே போகும் வெப்பத்தில் 40 சதவீதமோ அதற்கு மேலோ மிச்சப்படுத்தலாம் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. படுக்கையறைகளுக்கு நான் இதைத்தான் போட்டேன். காலையில் மட்டும் சீக்கிரம் தூக்கிவிட வேண்டும். அறையின் வெப்பம் கண்ணாடிக்குப் போய்ச் சேராததால் அதன் உட்புறத்தில் நீர் கோத்து, கீழ்ச்சட்டத்து மரத்தில் இறங்கும். இதன் முகம் கொஞ்சம் புதிதாக, இந்தக் காலத்துச் சரக்காகத் தெரியும் என்பது உண்மைதான். படுக்கையறையில் அது என்னை உறுத்தவில்லை.

மனசுக்குப் பிடித்தது எது என்று கேட்டால் மூங்கிலையும் மரக்குச்சியையும் நூலோடு சேர்த்து நெய்த பிளைண்ட்ஸ் என்பேன். நம் ஊர் வராந்தாவில் தொங்கிய மூங்கில் தட்டியைப் பார்த்து வளர்ந்த கண் அதைக் கண்டதும் நின்றுவிடும். இந்தப் பாணிக்கும் அது அந்நியம் இல்லை. சான் பிரான்சிஸ்கோவில் தறி வைத்திருந்த டோரதி லீபிஸ், மரக்குச்சியையும் மினுங்கும் உலோக இழையையும் சேர்த்து நெய்த ஜன்னல் திரைகள் அந்தக் காலத்துக் கட்டடக் கலைஞர்களிடையே புகழ்பெற்றவை. ஆனால் பெரிய கண்ணாடிச் சுவருக்கு இது கூடாது. மேலே ஓரடி அடைக்கும், அகலம் கூடினால் நடுவில் தொய்யும், எடையும் அதிகம். சாப்பாட்டு மூலையில், படிக்கும் அறையில், நாலைந்து அடி ஜன்னலில் போடுங்கள். பத்து மணி வெயில் குச்சிகளுக்கு நடுவே இறங்கி மேசைமேல் கோடு கோடாக விழுவதைப் பார்க்க வேண்டும். மறைப்பு வேண்டுமானால் பின்னால் ஒரு துணி உள்வரி வைத்துத் தரச் சொல்லலாம்.

வெனீஷியன், சமையலறைக்கும் குளியலறைக்கும். ஒரு அங்குல அலுமினியப் பட்டை போதும். ஈரத்துக்கு அஞ்சாது, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து எடுக்கலாம், பட்டையை மேல்நோக்கித் திருப்பினால் வெளிச்சம் கூரைப் பலகையில் பட்டு மெதுவாக இறங்கும். தெருப் பக்கம் போடுவதானால் எல்லா ஜன்னலிலும் ஒரே நிறம் வெளியே தெரியட்டும். நியூயார்க்கில் 1958இல் எழுந்த சீக்ரம் கட்டடத்தில் பிளைண்ட்ஸை முழுக்கத் திறக்கலாம், பாதி திறக்கலாம், முழுக்க மூடலாம், வேறு எந்த நிலையிலும் நிற்காதபடி மீஸ் செய்துவிட்டார். ஒவ்வொருவரும் ஒவ்வொரு உயரத்தில் இழுத்துவிட்டால் கட்டடத்தின் முகம் கெட்டுவிடும் என்ற கவலை அவருக்கு. அவ்வளவு கண்டிப்பு வீட்டுக்குத் தேவையில்லை, ஆனால் அந்தக் கவலையை நான் மதிக்கிறேன்.

செங்குத்துப் பட்டை பிளைண்ட்ஸ் வேண்டவே வேண்டாம். கதவு திறந்து காற்றடிக்கும்போதெல்லாம் படபடவென்று அடித்துக்கொள்ளும், கொக்கி கழன்று விழும்.

உத்தரங்களுக்கு நடுவே, கூரைச் சரிவை ஒட்டி இருக்கும் முக்கோண, சாய்சதுரக் கண்ணாடிகளை மூடாதீர்கள். அவற்றின் வழியே யாராலும் எட்டிப் பார்க்க முடியாது, தெரிவது வானமும் மரக்கிளையும்தான். படுக்கையில் விடியல் வெயில் முகத்தில் அடிக்கிறது என்றால் மட்டும், அந்த வடிவத்துக்கே வெட்டிச் செய்த அசையாத தேன்கூடு துணியைப் பொருத்திக்கொள்ளலாம்.

மேற்கு வெயிலுக்கு எந்த உள் திரையும் முழு மருந்து அல்ல. அகலமான தாழ்வாரம் உச்சி வெயிலைத் தடுக்கும். சாயங்காலம் சூரியன் தாழ்ந்து தாழ்வாரத்துக்குக் கீழே நுழைந்துவிடுகிறது. கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த வெப்பத்தில் பெரும்பகுதி திரையில் பட்டாலும் அறைக்குள்ளேயே தங்கிவிடும். தாழ்வாரத்தின் விளிம்பில் வெளிப்புற ரோலர் போட்டால் வெயில் கண்ணாடியைத் தொடுமுன்பே நின்றுவிடும். காசு ஒரு ஜன்னலுக்குத்தான் இருக்கிறது என்றால் அந்த ஜன்னலுக்கு வெளியே செலவழியுங்கள்.

வீட்டில் குழந்தை இருந்தால் தொங்கும் கயிறு, மணிச்சங்கிலி உள்ள பழைய பிளைண்ட்ஸைக் கழற்றிவிடுங்கள். கழுத்தில் சுற்றி உயிர் போயிருக்கிறது. அதனால்தான் அமெரிக்காவில் 2024 ஜூன் முதல் அளவெடுத்துச் செய்து தரும் திரைகளுக்கும் கயிற்றுக் கட்டுப்பாடு வந்துவிட்டது. கயிறில்லாதவையும் பேட்டரி மோட்டார் வைத்தவையும் தாராளமாகக் கிடைக்கின்றன.

அளவெடுக்கும்போது மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில் அகலம் பாருங்கள். அறுபது வருடத் தூண்கள், நேராக நிற்கும் என்று நம்ப முடியாது. எங்கள் கூடத்தில் ஒரே கண்ணாடிக்கு மேலும் கீழும் கால் அங்குல வித்தியாசம் இருந்தது. தூணுக்குள் அடங்குமாறு பொருத்துவதானால் இருப்பதில் குறைந்த அளவை எழுதிக் கொடுங்கள். ரோலரில் துணியின் இரு பக்கமும் அரை அங்குலச் சந்து விடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். சட்டத்தின் ஆழத்தையும் ஒரு முறை அளந்துவிடுங்கள். இந்த வீடுகளில் அது மிகக் குறைவு, பெட்டி வைத்த ரோலர் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும்.