மெய்நிகர்க் கண்ணாடியும் விளையாட்டின் நாளையும்

நுழையும்முன்

புதிய கருவி ஒன்று சந்தைக்கு வரும்போதெல்லாம் ‘இனி எல்லாம் இதுவே’ என்னும் குரல் எழுகிறது. அக்குரல்களுள் எது நிலைக்கும், எது ஓயும் என அளந்தறியும் திறன் பள்ளிப் பருவத்திலேயே வாய்க்க வேண்டும். எந்தப் படிப்பைத் தேர்வது, எந்தத் தொழிலை நம்புவது என்னும் முடிவுகள் அத்திறனைச் சார்ந்தவை. தலையில் அணியும் மெய்நிகர்க் கருவிகளுக்கு விளையாட்டுத் துறையில் எதிர்காலம் உண்டா என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

மெய்நிகரும் மிகைமெய்யும்

திண்டுக்கல் நகரில் பெரும்பாறையின்மேல் எழுந்து நிற்கும் மலைக்கோட்டையை எடுத்துக்கொள்வோம். மதுரை நாயக்கர் காலத்தில் கட்டப்பட்டு, பின்னர் ஹைதர் அலியின் பொறுப்பில் வந்து, 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் ஆங்கிலேயர் கைக்குச் சென்ற கோட்டை அது. வீட்டில் அமர்ந்திருக்கும் மாணவி ஒருத்தி, கண்களை முழுதும் மறைக்கும் கருவியை அணிந்து, கணினி வரைந்த அக்கோட்டையின் படிகளில் ஏறுவதாக உணர்ந்தால் அது மெய்நிகர் அனுபவம். இதனையே ‘வி.ஆர்.’ எனச் சுருக்கி அழைக்கின்றனர். அவளே நேரில் கோட்டைக்குச் சென்று, கைப்பேசியை மதிலை நோக்கிப் பிடிக்கும்போது, இன்று அங்கில்லாத காவல் வீரன் ஒருவன் மதில்மேல் நிற்பதாகத் திரையில் தெரிந்தால் அது மிகைமெய் அனுபவம். இது ‘ஏ.ஆர்.’ எனப்படும். முன்னது கண்முன் உள்ள உலகை மறைத்து வேறோர் உலகைக் காட்டுகிறது. பின்னது இருக்கும் உலகின்மேல் ஒன்றைக் கூட்டிக் காட்டுகிறது. விளையாட்டின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசுகையில் இவ்வேறுபாடு மிக இன்றியமையாதது.

கண்ணை நம்பவைக்கும் கலை

நம் இரு கண்களும் சற்றேறக்குறைய ஆறு சென்டிமீட்டர் இடைவெளியில் அமைந்துள்ளன. ஆதலால் ஒரே பொருளின் சற்று வேறுபட்ட இரு உருவங்கள் மூளையைச் சென்றடைகின்றன. மூளை அவ்விரண்டையும் ஒன்றாக்கி ஆழத்தை உணர்கிறது. 1838ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்து அறிவியலறிஞர் சார்லஸ் வீட்ஸ்டோன் இவ்வுண்மையை ஒரு கருவியால் விளக்கிக்காட்டினார். இன்றைய மெய்நிகர்க் கருவியும் அதே அடிப்படையில் இயங்குகிறது. கண்ணுக்கு ஒன்றாக இரு படங்களைக் காட்டுவதோடு, தலை எப்பக்கம் திரும்புகிறது என்பதை உணரிகளால் அறிந்து, அதற்கேற்பக் காட்சியையும் அது நொடிப்பொழுதில் மாற்றுகிறது.

தலை அசைவதற்கும் காட்சி மாறுவதற்கும் இடையே ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்குக்கும் குறைவான காலமே கழிய வேண்டும் எனப் பொறியாளர்கள் கொள்கின்றனர். அவ்வெல்லையைத் தாண்டிக் காட்சி தாமதித்தால், நம்பவைக்கும் கலை அவ்விடத்திலேயே தோற்றுவிடுகிறது.

அரை நூற்றாண்டுக் கனவு

1968ஆம் ஆண்டில் அமெரிக்கக் கணினி அறிஞர் ஐவன் சதர்லாந்து தலையில் அணியும் கணினிக் காட்சிக் கருவியை உருவாக்கினார். அதன் எடையைத் தலை தாங்காது என்பதால் மேற்கூரையிலிருந்து அதனைத் தொங்கவிட வேண்டியிருந்தது. 1995ஆம் ஆண்டில் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் ‘வெர்ச்சுவல் பாய்’ என்னும் விளையாட்டுக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சிவப்பு நிறத்தில் மட்டுமே படம் காட்டிய அக்கருவி ஓராண்டுக்குள் கைவிடப்பட்டது.

2012ஆம் ஆண்டில் பால்மர் லக்கி என்னும் இளைஞர் இணையவழிப் பொதுமக்களிடம் நிதி திரட்டி ‘ஆக்குலஸ்’ கருவியை வளர்த்தெடுத்தார். இரண்டே ஆண்டுகளில் அந்நிறுவனத்தை ஏறத்தாழ 200 கோடி டாலருக்கு வாங்குவதாக ஃபேஸ்புக் அறிவித்தது. 2016ஆம் ஆண்டில் ஆக்குலஸ் ரிஃப்ட், எச்.டி.சி. வைவ், பிளேஸ்டேஷன் வி.ஆர். ஆகிய மூன்றும் அடுத்தடுத்து வெளிவந்தன. திரையில் விளையாடும் காலம் முடிந்துவிட்டது என்றே பலரும் எண்ணினர்.

எண்கள் கூறும் உண்மை

அவ்வெண்ணம் மெய்யானதா? சோனி நிறுவனம் 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளியிட்ட விவரத்தின்படி, அதன் பிளேஸ்டேஷன் 4 கருவிகள் 10 கோடியே 60 இலட்சம் விற்றிருந்தன. அதனுடன் இணைத்து அணியும் மெய்நிகர்க் கருவிகளோ 50 இலட்சமே விற்றிருந்தன. அதாவது விளையாட்டுக் கருவி வாங்கியவர்களுள் ஏறத்தாழ இருபதின்மருக்கு ஒருவரே மெய்நிகரை நாடினர். கைப்பேசியைச் செருகிப் பார்க்கும் ‘டேட்ரீம்’ கருவியை 2019ஆம் ஆண்டில் கூகுள் கைவிட்டது. 2024ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் அமெரிக்காவில் வெளியிட்ட ‘விஷன் புரோ’ கருவியின் விலை 3,499 டாலர். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 2 இலட்சத்து 90 ஆயிரம் ரூபாய். நடுத்தரக் குடும்பம் ஒன்று பிள்ளையின் கல்லூரிப் படிப்புக்குச் சேர்த்துவைக்கும் தொகைக்கு அது நிகரானது.

தடைகள் மூன்று

விலை குறைந்தால் மட்டும் போதுமா? உடலும் உறவும் எழுப்பும் தடைகள் மூன்று உள்ளன.

முதலாவது தலைச்சுற்றல். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு மலைப்பாதையில் செல்லும் பேருந்தில் புத்தகம் படிப்பவர்க்குக் குமட்டல் வருவதை அறிவோம். உட்செவி ‘உடல் அசைகிறது’ என்கிறது; புத்தகத்தில் பதிந்த கண்ணோ ‘அசைவில்லை’ என்கிறது. மெய்நிகர் விளையாட்டில் இம்முரண் தலைகீழாக நிகழ்கிறது. கண் ஓடுகிறது; உடல் நாற்காலியில் இருக்கிறது.

இரண்டாவது எடை. அரைக் கிலோ அளவுள்ள ஒரு பொருளை முகத்தில் தாங்கிக்கொண்டு ஒரு மணிநேரம் விளையாடுவது கழுத்துக்கும் கண்ணுக்கும் களைப்பூட்டுவது. கோடைக்கால வெப்பத்தில் முகத்தில் வியர்வை பெருகும் நம் ஊர்களில் இது இன்னும் கடினமானது.

மூன்றாவது தனிமை. தாயம் உருட்டுவோர் இருவராயினும் சுற்றி நின்று காய் நகர்த்த வழி சொல்வோர் பலர். கைப்பேசியில் ஆடுபவன் தோள்மேல் எட்டிப் பார்க்கவும் ஒரு தம்பி இருப்பான். முகத்தை முழுதும் மூடும் கருவி, ஆடுபவரைச் சுற்றத்தாரிடமிருந்து பிரித்துவிடுகிறது.

நிலைத்து நிற்பவை

எனினும் இக்கருவிகள் தோற்றுவிட்டன என முடிவுகட்டுவதும் பிழையே. 2018ஆம் ஆண்டில் வெளிவந்த ‘பீட் சேபர்’ என்னும் விளையாட்டில், இசைக்கேற்பப் பறந்துவரும் கட்டைகளை இரு கைகளிலும் ஏந்திய ஒளிவாள்களால் வெட்ட வேண்டும். சிலம்பம் சுழற்றுபவரைப் போல ஆடுபவர் உண்மையிலேயே கைவீசுகிறார். நின்ற இடத்தைவிட்டு அதிகம் நகர்வதில்லை. கண் காண்பதும் உடல் செய்வதும் ஒன்றாக இருப்பதால் தலைச்சுற்றல் குறைவு. இவ்வனுபவத்தைத் தொடுதிரை தர இயலாது. ஆகவேதான் அவ்விளையாட்டு உலகெங்கும் வரவேற்புப் பெற்றது. பிறிதொன்றால் தர இயலாததைத் தரும் இடத்தில் மெய்நிகர்க் கருவி நிலைக்கிறது; திரையில் ஆடக்கூடியதையே முகத்தில் கட்டித் தரும் இடத்தில் அது சோர்கிறது.

திருவிழாத் திடலில் ராட்டினம் ஏறாத சிறுவர் அரியர். அதற்காக எவரும் அதனை வீட்டில் வாங்கி வைப்பதில்லை. வணிக வளாகங்களிலும் பொருட்காட்சிகளிலும் கட்டணம் செலுத்திச் சில நிமிடங்கள் ஆடும் மெய்நிகர் விளையாட்டுகள் அத்தகைய இடத்தையே பெற்றுள்ளன.

மிகைமெய் சென்ற பாதை வேறு. 2016ஆம் ஆண்டில் வெளியான ‘போக்கிமான் கோ’ எவ்விதத் தலைக்கருவியையும் கேட்கவில்லை. கையிலிருந்த கைப்பேசியே போதுமானதாயிற்று. அது வீட்டிலிருந்தோரைத் தெருவுக்கும் பூங்காவுக்கும் அழைத்துச் சென்றது; நண்பர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடியே விளையாடினர். சாதாரண மூக்குக்கண்ணாடி அளவுக்கு எடை குறைந்த மிகைமெய்க் கண்ணாடி மலிவாகக் கிடைக்குமாயின், விளையாட்டில் அதற்குரிய இடம் மூடிய கருவியின் இடத்தைவிடப் பெரிதாக இருக்கும் என எதிர்பார்க்கலாம்.

தெரிந்து தெளிவோம்

கண்ணும் செவியும் போலவே தொடு உணர்வையும் கணினிவழி உண்டாக்கும் துறை ‘தொட்டுணர் தொழில்நுட்பம்’ ஆகும். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் எம். மணிவண்ணன் தலைமையிலான குழு இத்துறையிலும் மெய்நிகர்த் துறையிலும் ஆய்வு செய்துவருகிறது.

மாணவர்க்கு உரியது

அசைவூட்டம், காட்சி விளைவுகள், கணினி விளையாட்டு, படக்கதை ஆகிய துறைகளை வளர்க்கப் பணிக்குழு அமைக்கப்படும் என 2022ஆம் ஆண்டின் ஒன்றிய வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. இத்துறைகளில் வேலைவாய்ப்பு உண்டு என்னும் விளம்பரங்களைச் சிற்றூர் மாணவர்களும் இன்று காண்கின்றனர். ஒரு குறிப்பிட்ட கருவியை இயக்க மட்டும் கற்றுத்தரும் பயிற்சிக்குப் பெருந்தொகை செலுத்துமுன் எண்ணிப் பார்க்க வேண்டும். அக்கருவி நாளை சந்தையில் இல்லாது போகலாம். நின்டெண்டோவும் கூகுளும் வெளியிட்டவையே அவ்வாறு மறைந்துள்ளன.

கருவி மாறினாலும் மாறாதவை சில உண்டு. தலை திரும்பும்போது காட்சியைத் திருப்பும் கணக்கு, நீங்கள் பதினோராம் வகுப்பில் பயிலும் அணிகளாலும் வெக்டர்களாலும் ஆனது. கண்முன் உள்ள சிறு திரையைத் தொலைவில் உள்ளதாகக் காட்டும் வில்லை, ஒளியியலில் பயில்வது. கோட்டை மதில்மேல் நிற்கும் வீரன் என்ன பேசுவான், எந்தச் சொல்லால் பேசுவான் என்பதை வரலாறும் தமிழும் அறிந்தவரே எழுத இயலும். இவற்றில் வலுப்பெற்றவர், தலைக்கருவி வென்றாலும் தோற்றாலும் தம் தொழிலை இழப்பதில்லை.

மெய்நிகர்க் கருவிக்கு விளையாட்டில் எதிர்காலம் உண்டு. ஆனால் அது விளையாட்டு என்னும் பெரிய வீட்டில் ஓர் அறையாகவே இருக்கும். அந்த அறைக்குள் நுழைய விரும்புவோர், வீட்டின் அடித்தளத்தை முதலில் அறிந்துகொள்வதே அறிவுடைமையாகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலுள்ள கோட்டை, குளம், கோயில், சந்தை ஆகியவற்றுள் ஒன்றைக் களமாகக் கொண்டு மிகைமெய் விளையாட்டு ஒன்றைக் கற்பனை செய்து, அதன் விதிகளை ஒரு பக்க அளவில் எழுதுக.

2. ‘தனித்து ஆடும் விளையாட்டு – கூடி ஆடும் விளையாட்டு’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.

3. சந்தைக்கு வந்து மறைந்த கருவி ஒன்றைப் பற்றி வீட்டிலுள்ள பெரியோரிடம் கேட்டறிந்து, அது மறைந்ததற்கான காரணங்களைத் தொகுத்துரைக்க.