சம்மனசு வராத சிலுவை

வேதனை வரும்போது அஞ்சினால் விசுவாசம் குறைந்துவிட்டது என்று பொருளா? நோயாளிகள் குருக்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. வேதசாட்சிகள் யாவரும் புன்னகையோடு மரித்ததாகவே படங்களில் பார்த்து வளர்ந்தவர்கள் இப்படிக் கேட்பதில் வியப்பில்லை. ஆனால் எல்லாப் படங்களும் அப்படிச் சொல்லவில்லை.

உரோமாபுரியில் சாந்தா மரியா தெல் போபொலோ ஆலயத்துச் சிற்றாலயம் ஒன்றிலே, பீடத்தின் இடப்புறச் சுவரில், கரவாஜியோ (1571-1610) தீட்டிய புனித இராயப்பரின் மரணக்காட்சி இருக்கிறது. பாப்பரசரின் நிதிப் பொறுப்பாளராயிருந்த திபேரியோ செராசி 1600ஆம் ஆண்டில் இதை வரையச் சொன்னார். படங்கள் மக்களுக்கு விசுவாசத்தைப் போதிக்க வேண்டுமெனத் திரெந்துப் பொதுச்சங்கம் 1563இல் கூறியிருந்தது. ஓவியர் புண்ணியவாளர் அல்லர். 1606இல் சண்டையில் ஒருவனைக் கொன்று ஊரைவிட்டு ஓடியவர். எனினும் இப்படத்தில் அவர் பொய் சொல்லவில்லை.

இதே காட்சியை வத்திக்கானில் வரைந்த மிக்கேல் ஆஞ்சலோ சுற்றிலும் பெருங்கூட்டத்தை நிறுத்தினார். இங்கே நால்வர் மட்டுமே; பின்னால் இருள். மூன்று கூலியாட்கள் சிலுவையைத் தலைகீழாக நிறுத்தத் தூக்குகின்றனர். ஒருவன் கயிற்றை இழுக்கிறான். ஒருவன் மரத்தை இறுகப் பிடித்திருக்கிறான். மூன்றாமவன் கையில் மண்வெட்டியோடு கீழே குந்தி, முதுகால் முட்டுக்கொடுக்கிறான். அவனுடைய அழுக்கேறிய உள்ளங்கால் நம் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது. முகங்கள் பெரும்பாலும் மறைந்துள்ளன. அவர்களிடம் வெறுப்பைக் காணோம். பாரம் தூக்கும் சிரமமே தெரிகிறது. கொடுமை பல வேளைகளில் இப்படித்தான், எவரோ இட்ட வேலையாக நடந்தேறுகிறது.

இராயப்பரோ நரைத்த கிழவர். வானம் திறக்கவில்லை. குருத்தோலை ஏந்திய சம்மனசு இறங்கவில்லை. நெற்றி சுருங்க, தலையைத் தூக்கி, ஆணி பாய்ந்த கையின் பக்கமாகப் பார்க்கிறார். அந்தப் பார்வையில் நோவுண்டு, திகைப்புமுண்டு. ஆயினும் அவர் திமிறவில்லை. முதுமையில் நீ விரும்பாத இடத்துக்குக் கொண்டுபோகப்படுவாய் என்று திபேரியாக் கடலோரத்தில் ஆண்டவர் அவருக்கு முன்னறிவித்ததை அருளப்பர் எழுதியுள்ளார். விரும்பாத இடம் என்றே ஆண்டவரும் சொன்னார். அச்சமின்றிப் போவாய் என்று சொல்லவில்லை.

பீடத்தின் மேலே அன்னிபாலே கராச்சி வரைந்த தேவமாதாவின் விண்ணேற்பு. அதில் ஒளியுமுண்டு, சம்மனசுகளுமுண்டு. கீழே நிற்கும் அப்போஸ்தலர்களுள் இராயப்பரும் இருக்கிறார். பூசை காண்பவர் கண்ணைச் சற்று இடப்புறம் திருப்பினால், அதே இராயப்பர் இருளில் கிடக்கிறார். செராசி 1601இல் காலமாகி, இந்தச் சிற்றாலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். தமது கல்லறை அமையும் இடத்துக்கென அவர் கேட்டுவைத்த படம் இது.