மருமகளுக்கு, வேன் புறப்படும் முன்

மருமகளே,

இந்த வருசம் குடும்ப வேனுக்கு நீதான் பொறுப்பு என்று என் தம்பி சொன்னான். சங்கரன்கோவிலில் ஏறி, திருச்செந்தூரில் முருகனைக் கும்பிட்டு, மணப்பாடு, உவரி என்று கடலோரமாகவே கன்னியாகுமரி போய், இரண்டு ராத்திரி தங்கித் திரும்புவதாகத் திட்டம். கைக்குழந்தை முதல் கைத்தடி ஊன்றுகிறவர் வரைக்கும் இருபது பேர். இவ்வளவு காலமும் இந்த வேன் பயணத்தின் கணக்கு நோட்டு என்னிடம் இருந்தது. அதை வெறுமனே கொடுத்தனுப்ப மனசு வரவில்லை. வேன் வாடகையும் லாட்ஜ் நம்பரும் நீ போனிலேயே பார்த்துக்கொள்வாய். போனில் கிடைக்காததை மட்டும் எழுதுகிறேன்.

1. ஆடித்தபசுக்கு நம் வீட்டில் விருந்தாட்கள் படுக்கவே இடமிருக்காது, அந்த நாட்களை விட்டுவிடு. திருச்செந்தூரில் வைகாசி விசாகமும் ஐப்பசிக் கந்த சஷ்டியும் கூட்டம் நெரிகிற சமயம். கைப்பிள்ளைக்காரிகளோடு அப்போது போகாதே. மிச்ச நாட்களில் எதைக் குறிப்பது? ஆபீசில் லீவு சொல்லிவிட்டு வருகிறவர்கள்தான் முதலில் சத்தமாகப் பேசுவார்கள். நீ அவர்களிடம் கடைசியாகப் போ. விசைத்தறி ஓட்டும் உன் சித்தப்பாவை முதலில் கேள். தறி நின்றால் அன்றைய கூலியும் நின்றுபோகும். பூ மார்க்கெட்டுக்குப் போகிற மாமா முகூர்த்த நாளில் அசைய முடியாது. இவர்களுக்குத் தோதான நாளைக் குறித்துக்கொண்டு, சம்பளத்தோடு லீவு இருக்கிறவர்களிடம் அப்புறம் பேசு. வளைய முடிந்தவர்கள் வளையட்டும்.

2. பணத்தைப் புறப்படும் முன்பே வாங்கிவிடு. கனடாவில் இருக்கும் நம் சம்பந்தி வீட்டார் கரீபியன் பக்கம் டொமினிக்கன் குடியரசில் புந்தா கானா என்ற கடற்கரைக்குக் குடும்பத்தோடு போய்வந்த கதையைச் சொன்னார்கள். போய் இறங்கியதும் கையில் ஒரு பட்டையைக் கட்டிவிடுவார்களாம். அதன்பிறகு சாப்பாடு, படுக்கை, பிள்ளைகளின் விளையாட்டு எதற்கும் பர்சைத் திறக்க வேண்டாம், முதலில் கட்டிய பணத்திலேயே எல்லாம் அடக்கம். இப்படிப்பட்ட விடுமுறைக்கு வழி காட்டியவர் ழெரார் பிளிட்ஸ் என்ற பெல்ஜியக்காரர். 1950-இல் மத்தியதரைக் கடலின் மல்லோர்க்கா தீவில் கூடாரம் அடித்துத் தொடங்கினார். அவருடைய கிளப் மெட் என்ற விடுமுறைக் கிராமங்களில் பின்னாளில் குடிக்கிற பானத்துக்குக் காசுக்குப் பதிலாகப் பாசிமணி கொடுத்தார்களாம். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. யோசித்தால், அந்த மனுசன் நம் குடும்பத்தைப் பார்த்துவிட்டுத்தான் செய்தாரோ என்று தோன்றுகிறது. டீக்கடை வாசலில் "நான் கொடுக்கிறேன், நான் கொடுக்கிறேன்" என்று இரண்டு பேர் மல்லுக்கு நிற்கும்போது, கொடுக்க வழியில்லாத மூன்றாவது ஆள் திரும்பி நின்று சினிமா போஸ்டரைப் படித்துக்கொண்டிருப்பார். அவர் அந்த டீயை எப்படிக் குடித்திருப்பார்? அதனால் ஆளுக்கு இவ்வளவு, பள்ளிப் பிள்ளைக்குப் பாதி என்று ஒரே தொகையாக வாங்கு. வழியில் யாரும் பர்சைத் தொடக்கூடாது. ஒரு வீட்டுக்கு அந்தத் தொகையே பாரம் என்று தெரிந்தால், நீயும் உன் அப்பாவும் அதை ஈடுகட்டுங்கள். அது மூன்றாவது காதுக்குப் போகக்கூடாது, உன் புருசனுக்குக்கூட.

3. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். அந்தக் கரீபியன் விடுதியில் எல்லாம் அடக்கம் என்றால், யாரோ ஒருத்தி விடியுமுன் எழுந்து உனக்காக விரிப்பு மாற்றுகிறாள் என்று அர்த்தம். அவள் அந்த நாட்டின் ஏதோ ஒரு கிராமத்துக்காரி, அதற்குச் சம்பளம் வாங்குகிறவள். நம் வேனில் அந்த ஒருத்தி யார்? உன் பெரியம்மா. எனக்கு மதினி. இருபது பேருக்கு இட்லி அவித்து, பொடியும் நல்லெண்ணெயும் தடவி, புளியோதரை கிளறி, துவையல் அரைத்து, பிள்ளைகளுக்கு முறுக்கு சுட்டு, ராத்திரி மூன்று மணிக்கே எழுந்து வேலை பார்த்த மனுசி, வேனில் ஏறியதும் தூங்கிப்போவாள். "ஊர் பார்க்க வந்துவிட்டுத் தூங்குகிறாளே" என்று கேலி செய்வார்கள். ஒரு தடவை திரும்பி வந்தபிறகு பக்கத்து வீட்டுக்காரி அவளிடம் கடல் எப்படி இருந்தது என்று கேட்டாள். "பாத்திரம் கழுவுன தண்ணிகூட உப்புக் கரிச்சுச்சு" என்றாள் மதினி. அவள் பார்த்த கன்னியாகுமரி அவ்வளவுதான்.

ஆகையால் கட்டுச்சோறு ஒரு வேளைக்குப் போதும். முதல் நாள் மதியத்துக்குப் புளியோதரை. புளிக்காய்ச்சலை முந்தின நாள் சாயங்காலமே காய்ச்சி வைத்துவிடலாம், காலையில் சோற்றில் கிளறுவதை ஆண்பிள்ளைகள் செய்யட்டும். அதற்கு ஒன்றும் கைப்பக்குவம் வேண்டாம். தயிர்ச்சாதம் கேட்பார்கள். குழையவடித்த சோறு ஆறியபிறகு காய்ச்சின பாலை நிறைய ஊற்றி, தயிரை ஒரு கரண்டி மட்டும் விட்டுப் பிசைந்தால் மதியத்துக்கு அளவாகப் புளித்திருக்கும். மற்ற வேளையெல்லாம் ஓட்டல்தான். செலவு கூடும், அதையும் சேர்த்துத்தான் தலைக்கு இவ்வளவு என்று போடவேண்டும். திரும்பி வந்த அன்றைக்குத் தூக்குவாளியும் சம்படமும் யார் கழுவுவது என்பதையும் புறப்படும் முன்பே பெயர் சொல்லிக் குறித்துவிடு. சிரிப்பார்கள். சிரிக்கட்டும், பெயரை அடிக்காதே.

4. பெண்கள் வழியில் தண்ணீர் குடிக்கிறார்களா என்று பார். "தாகமில்லை" என்பார்கள். தாகம் இருக்கும், ஒதுங்க இடமிருக்குமோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருக்கும். திருச்செந்தூர் போய்ச் சேர மூன்று மணி நேரத்துக்குக் குறையாது, அதுவரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சர்க்கரை வியாதிக்காரர்களுக்கும் மாசமாக இருப்பவர்களுக்கும் அது எவ்வளவு பாடு என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். "யாருக்காவது போகணுமா?" என்று வேனுக்குள் கூவாதே, ஒருவரும் கையைத் தூக்க மாட்டார்கள். கேட்காமலேயே வண்டியை நிறுத்து. பாளையங்கோட்டை தாண்டுமுன் சுத்தமான இடம் ஒன்றைப் பார்த்து நிறுத்தி, முதலில் நீ இறங்கிப் போ. பின்னாலேயே எல்லோரும் வருவார்கள்.

5. டிரைவருக்குப் பேட்டா என்ன என்று முதலிலேயே பேசி முடி. அவர் சாப்பிட்டாரா என்று ஒரு வேளைகூடக் கேட்காமல் இருக்காதே, நம் பந்தியிலேயே இலை போடு. ராத்திரி அவருக்குப் படுக்கக் கட்டிலும் மின்விசிறியும் வேண்டும். வண்டி சீட்டில் சுருண்டு படுத்துக் கொசுக்கடியில் விழித்துக் கிடந்தவர் கையில்தான் மறுநாள் நம் இருபது உயிரும் இருக்கிறது. லாட்ஜில் அறை பேசும்போதே அவரையும் ஒரு தலையாகச் சேர்த்து எண்ணு.

6. கடலைப் பற்றி. நாம் கரிசல்காட்டுக்காரர்கள், குளத்திலும் கிணற்றிலும் நீந்தப் பழகினவர்கள். அந்தத் தைரியத்தைக் கடலுக்குக் கொண்டுபோகக்கூடாது. கிணற்றுத் தண்ணீர் நின்ற இடத்தில் நிற்கும், கடல் காலடி மண்ணையே உருவிக்கொண்டு போகும்.

2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரத்தில் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்துபோனார்கள். படித்த பிள்ளைகள், உயிர் காக்கப் படித்த பிள்ளைகள். அப்போது கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்தது. தெற்கே இந்தியப் பெருங்கடலில் வெகுதூரத்தில் அடிக்கிற புயல்காற்று கிளப்பிவிடும் அலை நாள்கணக்கில் ஓடிவந்து நம் கரையில் ஏறும். இங்கே வானம் வெளுத்திருக்கும், காற்றும் இருக்காது, பார்த்தால் நல்ல நாளாகத்தான் தெரியும். அதனால்தான் அதை நம்பிவிடுகிறோம். ஐதராபாத்தில் இருக்கும் கடல்சார் தகவல் சேவை மையம் இதை முன்கூட்டியே அறிவிக்கிறது, செய்தியில் வரும். நீ தினமும் காலையில் அதைப் பார்த்துவிட்டு வேனில் எல்லோருக்கும் சொல்லு. அதோடு அந்தந்த ஊர் மீன்பிடிக்கிறவர் யாரிடமாவது, "இன்னைக்கு இங்கே இறங்கலாமா?" என்று ஒரு வார்த்தை கேள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். நம் ஆட்களில் ஒருவர் "நான் பார்க்காத தண்ணியா" என்று வேட்டியை மடித்துக் கட்டுவார். வயதில் மூத்தவராக இருப்பார். அப்போது நீ மரியாதை பார்த்துச் சும்மா இருந்துவிடாதே. கையைப் பிடித்துக் கரைக்குக் கூட்டிவா, கோபித்தால் ராத்திரி காலில் விழுந்துகொள்ளலாம்.

சின்னப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பெரியவரைப் பெயர் சொல்லி ஒப்படை. "எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றால் ஒருவரும் பார்க்கமாட்டார்கள். சேலை நனைந்தால் காலைச் சுற்றும், பெண்கள் சுடிதாரில் இறங்கட்டும். மாமியார்கள் முணுமுணுத்தால் என் பெயரைச் சொல்லு.

குற்றாலத்துக்கும் இதே பேச்சுத்தான். பக்கத்தில் இருக்கிறதே என்று சாரல் நேரத்தில் நினைத்தவுடன் கிளம்பிவிடுகிறோம். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் பதினேழு வயதுப் பையனை இழுத்துக்கொண்டு போனது. மலைமேல் மழை பெய்வது கீழே குளிக்கிறவனுக்குத் தெரியாது. போலீஸ்காரர் விசில் அடித்தால் தலையில் சோப்பு இருந்தாலும் வெளியே வரவேண்டும்.

7. சண்டை வரும். வராமல் இருபது பேர் மூன்று நாள் ஒரு வேனில் இருந்ததாக நம் நோட்டில் எழுதவில்லை. சன்னலோர சீட்டில் தொடங்கி, பத்து வருசத்துக்கு முந்தின நகைப் பேச்சில் போய் நிற்கும். நம் ஊர்க் கோயில் கதையே அதுதானே. சங்கன் சிவன்தான் பெரியவர் என்றான், பத்மன் திருமால்தான் பெரியவர் என்றான். கோமதியம்மனிடம் போய் நின்றார்கள். அவள் ஒருவன் பக்கம் தீர்ப்பு எழுதவில்லை. தானே தபசு நின்றாள், சாமியே பாதி அரனும் பாதி அரியுமாக வந்து நின்றார். உனக்கு அவ்வளவு முடியாது என்று எனக்குத் தெரியும். தீர்ப்புச் சொல்லாமல் மட்டும் இரு. இரண்டு பேரையும் வேறு வேறு வரிசையில் உட்கார வைத்து, ஒருவரிடம் தண்ணீர் கேனையும் மற்றவரிடம் பிள்ளைகள் கணக்கையும் கொடு. வேலை இருந்தால் வாய் குறையும்.

8. புதுசாகக் கல்யாணம் ஆனவர்களுக்குத் தனி அறை. குறட்டை விடுகிறவர்கள் சேர்ந்து படுக்கட்டும். இதற்கு மேல் இதில் எழுத ஒன்றுமில்லை.

9. ஊர்களைக் குறைத்துக்கொள். பட்டியல் போட்டு ஓடினால் ஏறி இறங்கவே நேரம் சரியாகும், முழங்கால் வலிக்காரர்கள் ஒவ்வோர் ஊரிலும் வேனுக்குள்ளேயே உட்கார்ந்து போவார்கள். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் படகில் போக வரிசை நீளம், வெயிலுக்கு முன் போய் நின்றுவிடு. முன்பெல்லாம் வள்ளுவர் சிலைக்குத் தனியாகப் படகு வேண்டும், அலை கூடினால் அங்கே விடமாட்டார்கள். 2024 டிசம்பர் கடைசியில் இரண்டு பாறைக்கும் நடுவே 77 மீட்டருக்குக் கண்ணாடிப் பாலம் திறந்ததிலிருந்து நடந்தே போய்விடலாம். உன் அப்பத்தா கண்ணாடியில் காலை வைக்க மாட்டேன் என்பாள். வற்புறுத்தாதே. அவளோடு இந்தப் பாறையிலேயே ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும், அது யார் என்பதைப் படகு ஏறுமுன்பே முடிவு செய். ஒவ்வொரு தடவையும் ஒரே ஆளே உட்காரக்கூடாது. வழக்கமாக அது கல்யாணமாகாத அக்காவாகத்தான் இருக்கும். ஒருவரும் அவளைக் கேட்கமாட்டார்கள், அவளும் சொல்லமாட்டாள்.

மணப்பாட்டில் மட்டும் அவசரப்படாதே. குன்றின் மேல் சிலுவைக் கோயில், கீழே வளைந்து கிடக்கிற மணல். போன் இல்லாமல் ஒரு மணி நேரம் எல்லோரையும் உட்கார வை. பிள்ளைகள் நச்சரித்தால் சில்லுக்கருப்பட்டியை எடுத்துக் கொடு. திருச்செந்தூரிலேயே வாங்கி உன் பையில் போட்டுவைத்துக்கொள்.

10. வந்த மறு ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுத் திண்ணையில் எல்லோரையும் கூட்டிக் கணக்கைப் படித்துவிடு. ஐந்து ரூபாய்க்கு வாங்கின தீப்பெட்டியும் அதில் இருக்கட்டும். மிச்சம் இருந்தால் பிரித்துக் கொடு, "அடுத்த வருசத்துக்கு இருக்கட்டும்" என்று கையில் வைத்துக்கொள்ளாதே. ஒரு வருசம் கையில் இருக்கிற ஊர்ப்பணம் பேச்சை வளர்க்கும். குறைந்திருந்தால் எவ்வளவு என்று கூசாமல் சொல்லு. என் பங்கை இந்தக் கடிதத்தோடு நோட்டுக்குள் வைத்திருக்கிறேன். வயதானவள் என்று பாதியைக் கழித்துத் திருப்பி அனுப்பாதே. முழு ஆளாக ஒரு சீட் போடு, முன்பக்கத்தில், டிரைவருக்கு இடதுபுறம். பின்னால் உட்கார்ந்தால் எனக்குக் குமட்டும்.