தாவோஸ் மன்றம்: பணம் தருபவர் யார்? நிர்வாகம் செய்பவர் யார்?

வருஷந்தோறும் ஜனவரி மாதத்தில், ஸ்விட்ஸர்லாந்து தேசத்தில் தாவோஸ் என்னும் மலையூரில் ஒரு பெரிய கூட்டம் நடைபெறுவதைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். பிரதம மந்திரிகளும் பெருங் கம்பெனிகளின் தலைவர்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறார்கள். இதைக் கூட்டுகிற ஸ்தாபனத்துக்கு உலகப் பொருளாதார மன்றம் என்று பெயர். இஃது ஐக்கிய நாட்டுச் சபையின் ஒரு கிளை என்று நம் வியாபாரிகளில் பலர் எண்ணுகிறார்கள். அப்படியன்று. எந்த அரசாங்கமும் இதை ஏற்படுத்தவில்லை. அரசாங்கமும் தனியார் தொழிலும் கூடி வேலை செய்ய வேண்டும் என்பதற்காகத் தனி மனிதர் ஒருவர் தொடங்கியது இது.

அவர் பெயர் கிளாஸ் ஷ்வாப். ஜினீவா சர்வகலாசாலையில் புரொபஸராக இருந்தவர். 1971-இல், தமது 32-ஆவது வயதில், ஐரோப்பியக் கம்பெனி நிர்வாகிகள் சுமார் 450 பேரைத் தாவோஸுக்கு அழைத்தார். அமெரிக்கர்கள் தொழில் நடத்தும் முறையை ஐரோப்பியரும் அறியவேண்டும் என்பதே அன்றைய நோக்கம். அரசியல் தலைவர்களை 1974 முதல்தான் அழைத்தார்கள். இன்றைய பெயர் 1987-இல் வந்தது. 2015-இல் ஸ்விஸ் அரசாங்கம் ஓர் ஒப்பந்தத்தின் மூலம் இதைச் சர்வதேச ஸ்தாபனமாக அங்கீகரித்தது.

இனி, நிர்வாகத்துக்கு வருவோம். கவனிக்க வேண்டிய விஷயம் இங்கேதான் இருக்கிறது. இந்த மன்றம் கம்பெனியுமன்று, நம்முடையதைப் போன்ற சங்கமுமன்று. ஸ்விஸ் சட்டப்படி அமைந்த ஓர் அறநிலையம். வக்பு சொத்துக்கு மனிதரில் உடைமையாளர் இல்லாதது போல இதற்கும் பங்குதாரர் கிடையாது. முத்தவல்லிகளைப் போல ஒரு டிரஸ்டி சபை மேலே இருக்கிறது. அன்றாட வேலையைத் தலைவரும் நிர்வாகக் குழுவும் கவனிக்கிறார்கள். ஸ்விஸ் மத்திய அரசாங்கம் அறநிலையம் என்ற முறையில் மேற்பார்வை செய்கிறது.

பணம் எங்கிருந்து வருகிறது? சுமார் 1,000 பெருங் கம்பெனிகள் வருஷச் சந்தா கட்டுகின்றன. 2023-இல் முடிந்த கணக்கு வருஷத்தில் வருமானம் 40 கோடி ஸ்விஸ் பிராங்குக்கு மேல். ஆனால் சந்தா கட்டியவருக்கு வோட்டு இல்லை. நம் சங்கங்களில் வருஷாந்திரப் பொதுக்கூட்டத்தில் கை தூக்கித் தலைவரையும் காரியதரிசியையும் தேர்ந்தெடுக்கிறோமே, அந்த வழக்கம் அங்கே இல்லை. டிரஸ்டிகளே அடுத்த டிரஸ்டிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

மன்றத்துக்குச் சட்டம் போடும் அதிகாரம் இல்லை, வரி விதிக்கவும் முடியாது. ஆளைச் சேர்த்து வைப்பதே அதன் வேலை. இதனால் நன்மை விளைந்ததுண்டா என்றால், உண்டு. ஏழை நாட்டுக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி வாங்கிக் கொடுக்கும் காவி என்னும் கூட்டமைப்பு 2000-இல் தாவோஸ் கூட்டத்தில்தான் பிறந்தது. அதன் முறை நமக்குப் பழக்கமானதே. பல நாடுகளுக்கு வேண்டிய சரக்கை ஒன்றாகச் சேர்த்து, இத்தனை வாங்குவோம் என்று முன்கூட்டி உறுதி சொன்னால், மருந்துக் கம்பெனி விலையை இறக்கும். இதுவரை 100 கோடிக்கு மேற்பட்ட குழந்தைகள் பயனடைந்திருக்கிறார்கள். காவிக்குத் தனி நிர்வாகம் உண்டு. மன்றம் அதற்குப் பிறந்த வீடு, அவ்வளவே.

இருந்தாலும், மந்திரியும் பெருமுதலாளியும் பேசும் அந்தக் கூடத்தில் சில்லறைக் கடைக்காரனுக்கு நாற்காலி இல்லை. அங்கே கனிந்த யோசனை பின்னால் சட்டமாக வந்தால் அவன் கடைக்கும் அது பொருந்தும். இந்தக் குறையை நான் சிறியதாக எண்ணவில்லை.

தொடங்கியவரே 50 வருஷத்துக்கு மேல் தலைமையில் இருந்தால் என்ன நேரும் என்பதையும் சமீபத்தில் கண்டோம். அன்றாட நிர்வாகப் பொறுப்பிலிருந்து விலகப்போவதாக 2024 மே மாதம் ஷ்வாப் அறிவித்தார். 2025 ஏப்ரலில், பெயர் சொல்லாத ஒரு புகார்க் கடிதம் வந்த பின், டிரஸ்டி சபைத் தலைமையையும் விட்டார். குற்றச்சாட்டுகளை அவர் மறுத்தார். டிரஸ்டிகள் விசாரணை நடத்தி, பெரிய குற்றத்துக்கு ஆதாரமில்லை என்று ஆகஸ்டில் சொன்னார்கள். சொந்தக் காரியத்துக்கும் மன்றத்தின் காரியத்துக்கும் நடுவே கோடு மங்கியிருந்ததால் சிறு ஒழுங்கீனங்கள் நேர்ந்தன என்றும் கூறினார்கள். கடைக் கல்லாவும் வீட்டுப் பணப்பெட்டியும் ஒன்றாகப் போன கதையை நம்மில் யார் அறியார்! பிளாக்ராக் தலைவர் லாரி ஃபிங்க், ரோஷ் மருந்துக் கம்பெனியின் ஆந்த்ரே ஹாஃப்மன் ஆகிய இருவரையும் அப்போது இடைக்காலத் தலைவர்களாக நியமித்தார்கள். இருவருமே பெருங் கம்பெனிக்காரர்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நம் ஊருக்கும் இதில் சம்பந்தமுண்டு. 2021-ஆம் வருஷக் கூட்டம் சிங்கப்பூரில் நடப்பதாக இருந்து, தொற்று நோயின் காரணமாக ரத்தாயிற்று. தர்மன் சண்முகரத்தினம் அவர்கள் 2019-இல் டிரஸ்டி சபையில் சேர்ந்தார்கள். 2023-இல் அவர்கள் அதிபரானதும் ஒரு கேள்வி எழுந்தது. நாட்டின் அதிபர் வெளி ஸ்தாபனத்தில் சொந்த ஹோதாவில் பதவி வகிக்கலாமா? அரசியல் சட்டத்தில் இதற்கு வழி சொல்லியிருக்கவில்லை. ஆகவே அதே வருஷம் நவம்பரில் நாடாளுமன்றம் அரசியல் சட்டத்தையே திருத்தி, தேசத்தின் நலனுக்கு உகந்ததானால் அதிபரும் மந்திரிகளும் அவ்வாறு பதவி ஏற்கலாம் என்று இடமளித்தது. பாட்டாளிக் கட்சி எதிர்த்துப் பேசியது. இரு தரப்பு வாதமும் நாடாளுமன்றப் பதிவில் இருக்கின்றன. ஓய்வுள்ள அங்கத்தினர்கள் படித்துப் பார்க்கலாம்.