ஆலை மூடப்பட்டால் யாருக்கு என்ன உதவி?

இன்று ஷா ஆலம் எனப் பெயர் பெற்றுள்ள நகரம், ஒரு காலத்தில் சுங்கை ரெங்கம் என்னும் பெயரில் ரப்பரும் செம்பனையும் விளைந்த பகுதியாக இருந்ததை நம் முதியவர்கள் அறிவர். பால்மரம் நின்ற மண்ணில் ஆலைகள் எழுந்தன. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் அவற்றில் வேலைக்கு அமர்ந்தனர். அவ்வாலைகளுள் ஒன்றான குட்இயர் டயர்த் தொழிற்சாலை 1972ஆம் ஆண்டு முதல் இயங்கி, 2024 ஜூன் 30ஆம் நாள் மூடப்பட்டது. அங்கு ஏறக்குறைய 550 பேர் வேலை செய்து வந்தனர். உலகளாவிய சீரமைப்பே காரணமென நிறுவனம் கூறியது. வேறு சில ஆலைகளில் மலிவான வெளிநாட்டுச் சரக்கின் போட்டி காரணமாகக் கூறப்படுவதுண்டு.

இறக்குமதியால்தான் வேலை போயிற்று என நிரூபித்தால் மட்டுமே உதவி கிடைக்கும் என்று சிலர் எண்ணுகின்றனர். அமெரிக்காவில் அத்தகைய ஏற்பாடு 1962ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றியது. தொழிலாளர்கள் மனுச் செய்து, இறக்குமதியே காரணமென அரசாங்கம் சான்றளித்த பின்னரே உதவி கிட்டும். 2022 ஜூலை 1 முதல் புதிய சான்றுகள் வழங்கப்படுவது நின்றுவிட்டது. நம் நாட்டுச் சட்டமோ இறக்குமதியைப் பற்றிக் கேட்பதில்லை. வேலை எவ்வாறு முடிவுற்றது, சந்தா செலுத்தப்பட்டதா என்பவற்றையே அது பார்க்கிறது.

முதலாவது, முதலாளி தரவேண்டிய ஆட்குறைப்பு இழப்பீடு. 1980ஆம் ஆண்டு விதிகளின்படி, குறைந்தது 12 மாதம் தொடர்ந்து வேலை செய்தவர் இதைப் பெறலாம். ஈராண்டுக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டொன்றுக்கு 10 நாள் சம்பளம். ஈராண்டு முதல் ஐந்தாண்டுக்குள் 15 நாள். அதற்கு மேல் 20 நாள். பன்னிரண்டு ஆண்டு உழைத்தவருக்கு 240 நாள் சம்பளம்! நாமே விலகினால் இதில் ஒரு காசும் இல்லை. இவ்விதிகள் தோட்டங்களுக்கும் பொருந்தும். தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்படும்போதும் இவற்றை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

இரண்டாவது, சொக்சோ நடத்தும் வேலைக் காப்புறுதித் திட்டம். 2018 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள இதற்கு முதலாளியும் தொழிலாளியும் சம்பளத்தில் 0.2 விழுக்காடு வீதம் செலுத்துகின்றனர். 2,400 வெள்ளிச் சம்பளக்காரரின் பங்கு ஏறக்குறைய 4 வெள்ளி 80 காசு. முதன்முறை விண்ணப்பிப்பவர், வேலை இழக்குமுன் 24 மாதங்களில் குறைந்தது 12 மாதச் சந்தா செலுத்தியிருத்தல் வேண்டும். தகுதியுடையோருக்கு வேலை தேடும் காலத்துக்கான உதவித்தொகை முதல் மாதத்தில் சம்பளத்தின் 80 விழுக்காடாகத் தொடங்கிப் பின்னர் படிப்படியாகக் குறையும். வேலை தேடி வருவதையும் காட்டவேண்டும். முதலாளி இழப்பீடு தரத் தவறினாலும் இவ்வுதவி அதனால் தடைபடாது.

குடியுரிமையும் நிரந்தர வசிப்புரிமையும் உடையோருக்கே இத்திட்டம். பணி ஓய்வு பெற்றோரும், ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டோரும், குறித்த கால ஒப்பந்தம் முடிந்தோரும் இதில் அடங்கார். தாமாக விலகியோரும் அவ்வாறே. ஆனால் முதலாளி அறிவிக்கும் விருப்ப விலகல் திட்டத்தை ஏற்றவர்க்கு இவ்வுதவி உண்டு. இவ்விரு விலகல்களையும் ஒன்றெனக் கருதி ஏமாறுவோர் உளர்.

இங்கேதான் நம் மக்கள் தவறுகின்றனர். அலுவலகத்தில் ஒரு தாளை நீட்டி, "இதில் கையெழுத்திட்டால் இம்மாதச் சம்பளம் உடனே கிடைக்கும்" என்பார்கள். அவசரத்தில் கையெழுத்தும் விழுந்துவிடும். அத்தாளில் 'லெத்தாக் ஜவாத்தான்' என்னும் சொற்கள் இருந்தால், நாமே விலகுவதாக எழுதிக் கொடுக்கிறோம் என்பது பொருள். படிக்கத் தெரியாதவர் பள்ளி செல்லும் பிள்ளையிடமேனும் காட்டிய பிறகே பேனாவைத் தொடவேண்டும். வீட்டுக்குக் கொண்டுசென்று படிக்க அவகாசம் கேட்பது குற்றமன்று.

ஆட்குறைப்பு இழப்பீட்டை வேலை முடிந்த 7 நாளுக்குள் தந்தாக வேண்டும். தராவிடில் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். சொக்சோ விண்ணப்பத்துக்கு வேலை இழந்த நாள்முதல் 60 நாளே தவணை. அடையாள அட்டை, வேலை நீக்கக் கடிதம், சம்பளச் சீட்டுகள் ஆகியவற்றுடன் அருகிலுள்ள சொக்சோ அலுவலகத்துக்குச் செல்லலாம்.