அமுக்கினால் மூட வேண்டும், திருகினால் திறக்க வேண்டும்

கேள்வி: கிள்ளானில் வீட்டிலேயே சின்ன மின்செக்கு வைத்துத் தேங்காயெண்ணெய் எடுத்து, 250 மில்லி கண்ணாடிப் போத்தலில் அடைத்து விற்கிறேன். வாரத்துக்கு 200 போத்தல் போகும். தீபாவளி நேரத்தில் தெங்கு கிளானா சாலைக் கடைகளுக்கும் பிரிக்பீல்ட்ஸ் கடைகளுக்கும் இன்னும் கூடுதலாகக் கேட்பார்கள். அம்மாவும் நானும்தான் மூடுகிறோம். திருகு மூடியை 200 தடவை இறுக்கினால் அம்மாவுக்கு மணிக்கட்டு வீங்கிவிடுகிறது. அதனால் தட்டினால் உட்காரும் மூடிக்கு மாறினேன். மூடுவது சுலபமாகிவிட்டது, ஆனால் வாங்குகிறவர்கள் கத்தியால் நெம்ப வேண்டியிருக்கிறது. ஒரு அக்கா கையைக் கிழித்துக்கொண்டார். நாங்கள் அமுக்கினால் மூடிக்கொள்ள வேண்டும், வாங்குகிறவர் திருகினால் கழன்று வர வேண்டும். அப்படி ஒரு மூடி செய்ய முடியுமா? மகன் கணினியில் வரைந்து முப்பரிமாண அச்சில் எடுத்துப் பார்த்தான். இரண்டு தடவை அமுக்கியதும் பிளந்துவிட்டது. அச்சு செய்கிறவரிடம் என்ன சொல்ல வேண்டும்?
– வாசகி, கிள்ளான்

பதில்: சகோதரி, முதலில் அந்த அக்காவின் கை. கத்தி வைத்து நெம்ப வேண்டிய மூடியோடு இனி ஒரு போத்தலும் வெளியே போக வேண்டாம். கண்ணாடிக் கழுத்தில் கத்தி வழுக்கினால் வெட்டு விழும்; கழுத்து விளிம்பு உடைந்து, கண்ணாடித் துணுக்கு எண்ணெயில் விழவும் கூடும். மீதமிருக்கும் மூடிகளை ஒதுக்கிவிடுங்கள்.

உங்கள் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில்: முடியும். அமெரிக்காவில் ஒரு கேலன், அதாவது சுமார் 3.8 லிட்டர் பால் அடைக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் போத்தல்களில் இந்த வகை மூடி வெகுகாலமாக ஓடுகிறது. ஆலையில் போத்தல் நகர்ந்து வரும்போது மேலிருந்து ஒரு அமுக்கு, அவ்வளவுதான். வீட்டில் திருகித் திறக்கிறார்கள், மறுபடி திருகி மூடுகிறார்கள். அடுத்த முறை பேரங்காடியில் பால் வாங்கினால் மூடியைக் கழற்றி உள்ளே பாருங்கள். தடித்த ஒற்றை மரைக்குப் பதிலாக, மெல்லிய மரைகள் பல இடங்களில் தொடங்கி நெருக்கமாகச் சுற்றியிருந்தால் அது இந்தக் குடும்பத்து மூடி.

குழந்தை உணவு வரும் சிறு கண்ணாடிக் குப்பிகளில் இன்னொரு வழி உண்டு. அந்தத் தகர மூடியில் மரையே கிடையாது. உள்சுவரில் மெத்தென்ற ஒரு பூச்சு இருக்கும். நீராவியில் அந்தப் பூச்சு இளகியிருக்கும்போது மூடியை அமுக்குவார்கள். கண்ணாடியின் மரை அதில் பதிந்து தன் வடிவத்தைத் தானே செதுக்கிக்கொள்ளும். திறக்கும்போது அந்தத் தடத்திலேயே திருகி வரும். 1858இல் ஜான் மேசன் திருகு மூடி ஜாடிக்குக் காப்புரிமை வாங்கினார். 1892இல் வில்லியம் பெயின்டர் ஒரே அமுக்கில் மூடும் சோடா மூடிக்கு வாங்கினார். திருகுவது ஒரு பரம்பரை, அமுக்குவது ஒரு பரம்பரை. நீங்கள் கேட்பது இரண்டுக்கும் பிறந்த பிள்ளை.

சிரமம் எங்கே என்றால், இரண்டும் மரையிடம் எதிரெதிரான வேலையைக் கேட்கின்றன. அமுக்கும்போது மூடியின் மரை கழுத்தின் மரையைத் தாண்டிக் குதிக்க வேண்டும். குதித்த பிறகு எந்தக் காரணத்துக்காகவும் திரும்பிக் குதிக்கக் கூடாது. அதனால் மரையின் இரண்டு முகங்களும் ஒன்றுபோல இருக்கக் கூடாது. ரம்பப் பல்லை நினைத்துக்கொள்ளுங்கள். கழுத்து மரையின் மேல்முகம் கூரை போலச் சரிந்திருக்க வேண்டும். மூடி அதில் வழுக்கி இறங்கும். கீழ்முகம் கிட்டத்தட்டத் தட்டையாக இருக்க வேண்டும். மூடியைத் தூக்கினால் அங்கே மாட்டும். மூடியின் மரையில் இதையே தலைகீழாக வையுங்கள். உங்கள் மகன் வழக்கமான, இரு பக்கமும் ஒரே சரிவுள்ள மரையைத்தான் வரைந்திருப்பார் என்று நினைக்கிறேன். அது அமுக்கவும் முரண்டும், பிடிக்கவும் பிடிக்காது.

குதிக்கும் அந்த ஒரு கணத்தில் மூடியின் சுவர் எவ்வளவு விரிகிறது என்பதுதான் உயிரான கணக்கு. கழுத்தின் மரையோடு சேர்ந்த விட்டம் 28 மில்லிமீட்டர் என்று வையுங்கள். மூடியின் மரை ஒவ்வொரு பக்கமும் அரை மில்லிமீட்டர் உள்ளே மாட்டினால், குதிக்க மொத்தம் 1 மில்லிமீட்டர் விரிய வேண்டும். 28இல் 1 என்பது சுமார் 3.6 விழுக்காடு. பாலிஎத்திலீனும் பாலிப்ரொப்பிலீனும் ஒரு தடவைக்கு இதை அலட்டாமல் தாங்கும். 0.8 மில்லிமீட்டராக ஆக்கினால் 5.7 விழுக்காடு, நன்றாகப் பிடிக்கும், ஆனால் அம்மாவின் உள்ளங்கைக்குப் பதில் சுத்தியல் வேண்டியிருக்கும். நான் 0.5இல் தொடங்குவேன். மகன் செய்தது பிளந்ததில் வியப்பில்லை. முப்பரிமாண அச்சில் பெரும்பாலும் ஓட்டும் பிஎல்ஏ இழை விறைப்பானது, விரியச் சொன்னால் உடையும். போதாததற்கு, அடுக்கடுக்காக ஒட்டிய பொருள். சுவர் வெளிப்பக்கம் வளையும்போது அடுக்குகளுக்கு இடையே பிரியும். வடிவத்தைச் சரிபார்க்க அது போதும். அமுக்கிப் பார்க்க வேண்டுமென்றால் நைலான் அல்லது பாலிப்ரொப்பிலீன் இழையில் எடுக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது பலரும் கோட்டைவிடும் இடம். திருகி மூடினால் மூடி தன் இடத்தைத் தேடிப்போய் உட்காரும். அமுக்கினால் அப்படி இல்லை. எந்தக் கோணத்தில் வைத்தீர்களோ அந்தக் கோணத்தில் இறங்கும். மரைக்கும் மரைக்கும் உள்ள இடைவெளி 3 மில்லிமீட்டர் என்றால், துரதிருஷ்டமான கோணத்தில் இறங்கிய மூடி கிட்டத்தட்ட அந்த 3 மில்லிமீட்டரும் மேலே எழும்ப இடமிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் மூடியது போலவே தெரியும். பெட்டியில் படுக்கவைத்தால் எண்ணெய் கசியும். இடைவெளியை 1.2 மில்லிமீட்டருக்குக் குறைத்துவிட்டால் எழும்புவதும் அதற்குள் அடங்கும். அந்த மிச்சத்துக்கு மருந்து, மூடியின் உள்ளே கழுத்துக்குள் இறங்கும் குழாய் போன்ற வளையம். பட்டறையில் பிளக் என்போம். அது மேலிருந்து அழுத்தி அடைப்பதில்லை, பக்கவாட்டில் கழுத்தின் உள்சுவரை ஒட்டி அடைக்கிறது. 3 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒட்டியிருந்தால், மூடி 1.2 மில்லிமீட்டர் எழுந்தாலும் அடைப்பு போகாது.

மரை எத்தனை இடத்தில் தொடங்க வேண்டும்? இதில் பாலும் எண்ணெயும் வேறு வேறு. ஆறு தொடக்கம் வைத்தால் ஒரு சுற்றுக்கு 7.2 மில்லிமீட்டர் ஏறும், அரைச் சுற்றில் மூடி கையில் வந்துவிடும். திறக்க அருமை. ஆனால் 28 மில்லிமீட்டர் கழுத்தில் அதன் சாய்வு 4.7 பாகை ஆகிறது. உலர்ந்த பரப்பில் பிளாஸ்டிக்கின் உராய்வு சுமார் 11 பாகை வரை மூடியைத் தானாகக் கழலாமல் பிடித்துக்கொள்ளும். கழுத்தில் எண்ணெய் வழிந்திருந்தால் அந்த உராய்வு பாதியாகிவிடலாம். பிறகு லோரியின் ஆட்டத்தில் மூடி மெல்ல மெல்லத் தானே அவிழும். நான்கு தொடக்கம் வைத்தால் சாய்வு 3.1 பாகைதான். திறக்க முக்கால் சுற்று வேண்டும், அது ஒன்றும் பாரமில்லை. எண்ணெய்க்கு நான்கு.

அச்சு செய்கிறவரிடம் பேசும்போது ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: மூடியை அச்சிலிருந்து எப்படி எடுப்பார்? மலிவான வழி, சூடு ஆறுமுன் நடுக்கட்டையிலிருந்து அப்படியே உரித்துத் தள்ளுவது. அப்படி உரிக்கும்போது இழுபடுவது சரிந்த முகமல்ல, பிடித்துக்கொள்ள வேண்டிய அந்தத் தட்டை முகம். அது முழுத் தட்டையாக இருந்தால் உரியும்போதே மழுங்கிப்போகும். பிறகு மூடி சுலபமாக இறங்கும், அதே சுலபத்தில் கழன்றும் வரும். இரண்டு வழிதான். அந்த முகத்தை 30 பாகை அளவுக்குச் சாய்த்து, ஓரத்தை லேசாக உருட்டி, பிடிப்பில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். இல்லையென்றால் பல்சக்கரம் வைத்து, நடுக்கட்டையே சுழன்று கழலும் அச்சு செய்ய வேண்டும். அதன் விலையைக் கேட்டால் உங்களுக்கு மயக்கம் வரும். கேட்டதும் எந்த வழி என்று உடனே சொல்கிறவர் மூடி செய்து பழகியவர். கேள்வியே புரியாமல் விழிக்கிறவரிடம் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

பொருள், எச்டிபிஇ என்னும் அடர்ந்த பாலிஎத்திலீன். இந்தியாவில் தேங்காயெண்ணெய் வெகுகாலமாகப் பெரும்பாலும் எச்டிபிஇ போத்தலில் விற்கிறது. ஒரே எச்சரிக்கை: மூடி உட்கார்ந்த பிறகு விரிந்த நிலையிலேயே இருக்கக் கூடாது. இழுபட்ட நிலையில் எண்ணெயில் ஊறும் பாலிஎத்திலீன் மாதக்கணக்கில் நுண்ணிய வெடிப்பு விடும். குதித்து முடித்ததும் சுவர் தளர்ந்து ஓய்வெடுக்கும்படி அளவு வையுங்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, உங்களுக்கு வருத்தம் தரும் ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் சொன்ன அளவுகள் எல்லாம் பிளாஸ்டிக் கழுத்துக்குத்தான் சரிவரும். பெட் என்னும் பிளாஸ்டிக் போத்தலின் கழுத்து இன்ஜெக்ஷன் மோல்டிங்கில் வருவது, அளவு பிசகாது. உங்கள் கண்ணாடிப் போத்தலின் கழுத்து உருகிய கண்ணாடியை ஊதி வார்த்தது. அங்கே மரை உருண்டையாக வரும், போத்தலுக்குப் போத்தல் அளவு கொஞ்சம் மாறும். நாம் அரை மில்லிமீட்டர் பிடிப்பை நம்பி நிற்கும்போது, கண்ணாடியின் அந்த ஏற்ற இறக்கமே அதில் பாதியை விழுங்கிவிடும். ஒரு போத்தலில் மூடி இறங்காது, அடுத்ததில் விரலால் தூக்கினால் வந்துவிடும். குழந்தை உணவுக் குப்பியில் இருக்கும் மெத்தென்ற பூச்சு இந்த ஏற்ற இறக்கத்துக்கும் ஈடுகொடுக்கும். அந்த முறைக்கு நீராவி இயந்திரம் வேண்டும், வீட்டில் ஆகாது.

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். வாரம் 200 என்றால் ஆண்டுக்கு 10,400 மூடி. ஒரே குழியுள்ள அச்சு 20 வினாடிக்கு ஒரு மூடி தந்தாலும், உங்கள் ஓராண்டுத் தேவை 58 மணி நேரத்தில் முடிந்துவிடும். மீதி நாளெல்லாம் உங்கள் காசு அச்சாக அலமாரியில் கிடக்கும்.

ஆகவே என் தீர்ப்பு: இப்போதைக்கு அச்சு வேண்டாம். கண்ணாடியை விட மனமில்லையென்றால் திருகு மூடிக்கே திரும்புங்கள், ஆனால் அம்மாவின் மணிக்கட்டால் இறுக்க வேண்டாம். கையில் பிடித்து ஓட்டும் மின்சார மூடி இறுக்கி விற்கிறது. முனையில் ரப்பர் கிண்ணம் இருக்கும். மூடியை விரலால் அரைச் சுற்று வைத்துவிட்டு, அதை மேலே வைத்தால் இறுக்கி, போதிய இறுக்கம் வந்ததும் நின்றுவிடும். ஒரு அச்சின் விலையோடு ஒப்பிட்டால் அது சின்னத் தொகை. பெட் போத்தலுக்கு மாறச் சம்மதமென்றால், அமுக்கித் திருகும் மூடி பொருந்தும் கழுத்தோடு போத்தலையும் மூடியையும் ஒரே இடத்தில் வாங்குங்கள். போத்தல் ஒருவரிடம், மூடி இன்னொருவரிடம் என்று வாங்கினால், கசியும்போது ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். எதுவானாலும் புதிய போத்தலாக இருக்கட்டும். பழைய போத்தலில் உணவு அடைத்து விற்பதற்கு நம் நாட்டின் 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகள் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன.

கழன்று வரும் மூடி வேண்டும் என்று நீங்கள் பிடிவாதமாகக் கேட்டது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கழுத்தைவிட்டுப் போகாத மூடியுள்ள போத்தலைச் சரியாகக் கழுவ முடியாது, மறுபடி வீட்டில் பயன்படுத்தவும் முடியாது. காலி கண்ணாடிப் போத்தலை எடுக்கிறவரும் அந்தப் பிளாஸ்டிக்கைத் தனியாக வெட்டி எடுக்க வேண்டும்.

வியாபாரம் பெருகி, ஒருநாள் சொந்த மூடி செய்யும் நிலை வந்தால், மகன் வரைந்ததைத் தூக்கிப் போட வேண்டாம். மேலே சொன்ன அளவுகளோடு திருத்தி, முதலில் ஒரே குழியுள்ள அலுமினிய அச்சில் சோதனை மூடிகள் மட்டும் எடுங்கள். சோதனையின் பலத்துக்கு ஒரு கதை: இந்தியாவின் பாராசூட் தேங்காயெண்ணெய்க்காரர்கள் தகரத்திலிருந்து பிளாஸ்டிக்குக்கு மாறியபோது, எலி கடித்துவிடும் என்று கடைக்காரர்கள் பயந்தார்கள். முன்பு வந்த சதுரப் போத்தலின் விளிம்பை எலிகள் கடித்திருந்தன. இவர்கள் போத்தலை உருண்டையாக்கி, எலிகளோடு கூண்டில் வைத்துப் பார்த்து, அதைக் காட்டித்தான் கடைக்காரர்களை நம்பவைத்தார்கள். உங்கள் போத்தலுக்கு எலியைவிடப் பெரிய சோதனை நம் ஊர் வெயில். எண்ணெய் 25 பாகையிலிருந்து 55 பாகைக்குச் சூடேறினால் 250 மில்லியில் சுமார் 5 மில்லி பெருகும், அது மூடியைத்தான் தள்ளும். கழுத்து வரை நிரப்பாமல் இடம் விட்டு, இருபது போத்தலை அடைத்து, நிழலில்லாத இடத்தில் நிறுத்திய காரில், அட்டைப்பெட்டிக்குள் படுக்கவைத்து மூன்று நாள் விடுங்கள். நான்காம் நாள் அட்டை உலர்ந்திருந்து, அம்மா வெறுங்கையால் இருபதையும் திறந்துவிட்டார் என்றால், அச்சுக்காரரிடம் பணத்தைக் கொடுங்கள்.