ஷெட்டில் நிற்கும் காரும் பிரேக் ஆயிலும்

"வண்டி ஓடவே இல்லையே, பிரேக் ஆயில் எதுக்கு மாத்தணும்?" மயிலாப்பூரிலும் அடையாறு காந்தி நகரிலும் உறை போர்த்தி நிற்கும் ஹெரால்டு, பியட், அம்பாசடர்களின் சொந்தக்காரர்கள் மெக்கானிக்கிடம் இப்படித்தான் வாதாடுவார்கள். இன்ஜின் ஆயிலுக்கு இந்த வாதம் ஓரளவு செல்லும். பிரேக் ஆயில் விஷயத்தில் கதை தலைகீழ். கிலோமீட்டரே கூடாவிட்டாலும் மாதங்கள் போகப் போக அது கெடும்.

நாம் வாங்கும் சாதாரண பிரேக் ஆயில் கிளைக்கால் வகை ரசாயனம். காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்வது அதன் குணம். மாஸ்டர் சிலிண்டர் மூடியில் காற்றுக்காக ஒரு சின்னத் துளை உண்டு. அதன் வழியாகவும், சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸ்களின் சுவர் வழியாகவும் ஈரம் மெல்ல உள்ளே போகும். கடற்கரை ஊரில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. உள்ளே போன ஈரம் வார்ப்பிரும்பு சிலிண்டரின் சுவரைத் துருப்பிடிக்க வைத்து, ஊசி முனை அளவுக்குக் குழிகளைப் பறிக்கிறது. அந்தக் குழிகள் மேல் ரப்பர் வாஷர் உரசி ஓடும்போது அதன் உதடு கிழிந்து கசிவு ஆரம்பிக்கிறது. தினமும் ஓடும் காரில் பிஸ்டன் அசைந்துகொண்டாவது இருக்கும். நிற்கும் காரில் அது ஒரே இடத்தில் இறுகிப்போகும்.

தி.நகர் ஆற்காடு தெருவில் எம்.ஜி.ஆர். நினைவு இல்லத்தில் இருக்கும் 4777 எண் கொண்ட அவருடைய அம்பாசடர் காட்சிக்கான கார். அது பாண்டி பஜார் நெரிசலில் பஸ்ஸுக்குப் பின்னால் போய் நிற்கப் போவதில்லை. உங்கள் கார் அப்படியில்லை. வருஷத்தில் ஒரு நாள் ஹெரிடேஜ் ராலிக்கு வெளியே எடுக்கிறீர்கள், அன்றைக்குப் பிரேக் பிடித்தாக வேண்டும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது பொதுவான கணக்கு. சென்னையில் ஷெட்டிலேயே கிடக்கும் காருக்கு வருஷம் ஒருமுறை என்று வைத்துக்கொள்வேன் நான்.

"நம்ம ஊர்ல மலையா இருக்கு, ஆயில் கொதிக்க?" இது பாதி உண்மை. டப்பாவில் டாட் 3 என்று தரம் குறித்திருக்கும் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. கிட்டத்தட்ட 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த பிறகு அந்த வரம்பு 140 ஆக இறங்கிவிடுகிறது. டாட் 4க்கு இது 230, 155. கச்சேரி சாலையில் ஊர்ந்து போகும் காரின் டிரம் அந்தச் சூட்டை எட்டாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதே காரில் கோடை விடுமுறைக்கு ஏற்காடு போய், இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் ஆயிலில் கலந்த தண்ணீர் ஆவியாகும். ஆவி அமுங்கும், ஆயில் அமுங்காது. பெடல் தரை வரை போகும், கார் நிற்காது.

"கறுத்துப் போனால்தான் கெட்டது." தண்ணீருக்கு நிறம் இல்லை. தெளிவாகத் தெரியும் ஆயிலிலும் ஈரம் நிறைந்திருக்கலாம். கறுப்பு பெரும்பாலும் ரப்பர் தேய்ந்த தூள். அதைக் கண்டால் வாஷரைப் பாருங்கள்.

இனி வருவது உயிர் சம்பந்தப்பட்டது. "குறைஞ்சா கொஞ்சம் ஊத்திக்கலாம்" என்பார்கள். டிஸ்க் பிரேக் காரில் பேட் தேயத் தேய ஆயில் மட்டம் இறங்குவது இயல்பு. நாலு சக்கரத்திலும் டிரம் உள்ள பழைய காரில் லைனிங் தேய்மானத்தை அட்ஜஸ்டரைத் திருகித்தான் ஈடுகட்டுகிறோம். அதனால் மட்டம் பெரிதாக இறங்கக் கூடாது. இறங்கினால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். டயரின் உட்பக்கச் சுவரில் ஈரக்கோடு இருக்கிறதா, டிரம்மைக் கழற்றி வீல் சிலிண்டரின் தூசு உறையைத் தூக்கினால் உள்ளே நனைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஹெரால்டு, மாரிஸ் மைனர், பழைய அம்பாசடர், பியட் எல்லாம் ஒற்றைச் சுற்று பிரேக் உள்ளவை. ஒரு வீல் சிலிண்டர் கைவிட்டால் நாலு சக்கரமும் போச்சு. மிச்சம் இருப்பது ஹேண்ட் பிரேக் மட்டும். டாப்-அப் செய்வது அந்த எச்சரிக்கையின் வாயை அடைப்பதற்குச் சமம்.

மாரிஸ் மைனரில் இன்னொரு தொல்லை: மாஸ்டர் சிலிண்டர் டிரைவரின் காலடியில், தரைக்குக் கீழே இருக்கிறது. கார்பெட்டை விலக்கி, தகட்டைக் கழற்றித்தான் மூடியைத் தொட முடியும். அறுபது வருஷத்து மண் அங்கே குவிந்திருக்கும். துடைக்காமல் திறந்தால் அத்தனையும் உள்ளே விழும்.

"பழைய வண்டிக்கு டாட் 3தான், டாட் 4 ரப்பரைத் தின்னுடும்." இரண்டும் கிளைக்கால் குடும்பம்தான், ஒன்றோடொன்று கலக்கும். இந்தப் பயத்துக்கு ஒரு வேர் உண்டு. அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்கள் சிலவற்றில் இயற்கை ரப்பர் வாஷர் இருந்தது. அதற்கென்று தனி ஆயிலும் வந்தது. இன்று தயாராகும் வாஷர்கள் செயற்கை ரப்பர், டாட் 3, டாட் 4 இரண்டையும் தாங்கும். 1962இல் டிவிஎஸ் குழுமமும் இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனமும் சேர்ந்து பாடியில் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா, பிரேக் பாகங்கள் செய்யும் தொழிலை ஊருக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டது. ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகளில் கேட்டால் பல மாடல்களுக்குப் புது வாஷர் கிடைக்கும். ஒரிஜினல் டப்பா பிரிக்காதது என்று யாராவது ஐம்பது வருஷப் பழைய வாஷரை நீட்டினால் கண்ணாடி அலமாரியில் வையுங்கள், காரில் போடாதீர்கள்.

ரப்பரை உண்மையில் தின்பது வேறு. அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலையோ கியர் ஆயிலையோ ஊற்றுகிறார்களே, அதுதான். பெட்ரோலிய எண்ணெய் பட்டதும் வாஷர் ஊதிப் பெருத்து, பிஸ்டன் திரும்பி வராமல் பிரேக் பிடித்தபடியே நின்றுவிடும். கழுவினால் தீராது. மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர் வாஷர்கள், ஹோஸ்கள் அத்தனையும் மாற்ற வேண்டும், குழாய்களை ஸ்பிரிட் விட்டு அலச வேண்டும். சிலிண்டரைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவும் பழக்கமும் இதே வகைதான். ஒரு துளி மிச்சம் இருந்தாலும் புது வாஷர் வீணாகும். புது பிரேக் ஆயிலிலேயே கழுவலாம்.

ஆயில் மாற்றும்போது குழாய்க்குள் சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். அப்படி ஏர் எடுக்கும்போது காருக்குள் ஒருவர் "அடி, அடி, புடி" என்ற குரலுக்குப் பெடலைத் தரை வரை மிதிப்பது நம் ஷெட்களின் வழக்கம். புது மாஸ்டர் சிலிண்டருக்குப் பரவாயில்லை. பழையதில், அன்றாட ஓட்டத்தில் பிஸ்டன் தொடாத கடைசிப் பகுதியில் துரு உட்கார்ந்திருக்கும். முழு மிதியில் வாஷர் அதன் மேல் போய்க் கிழியும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். பொதுவாக நம் வலப்பக்க ஸ்டியரிங் கார்களில் பின் இடது சக்கரம்தான் மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தூரம், அங்கிருந்து தொடங்குவது வழக்கம். உங்கள் காரின் மேனுவல் வேறு சொன்னால் அதன்படி செய்யுங்கள். பெயின்டில் ஆயில் சிந்தினால் துணியால் தேய்க்க வேண்டாம், உடனே தண்ணீர் ஊற்றினால் கரைந்து போய்விடும். பாதி மீந்த டப்பாவை அடுத்த வருஷத்துக்கு வைத்திருப்பதும் வீண், அதற்குள் அதுவும் ஈரம் குடித்திருக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்திலோ 2023 மிக்ஜாம் புயலிலோ சக்கரம் மூழ்கிய கார் என்றால், அதற்குப் பிறகு ஆயில் மாற்றப்பட்டதா என்று இன்றே விசாரியுங்கள்.

கடைசியாக, "சிலிக்கான் ஆயில் ஊத்திட்டா ஆயுசுக்கும் தொல்லை இல்லை" என்ற ஆசை. டாட் 5 என்று பெயர், ஊதா நிறம். ஈரத்தை இழுக்காது, பெயின்டை உரிக்காது. ஆனால் எப்படியோ உள்ளே நுழைந்த தண்ணீர் அதில் கரையாமல் தாழ்வான இடத்தில், அதாவது வீல் சிலிண்டரில், சொட்டாகத் தேங்கும். பெடலும் கொஞ்சம் பஞ்சு போலத் தோன்றும். மற்ற ஆயிலோடு சேர்க்கவே கூடாது. அதனால் மாறுவதென்றால் முழுச் சுற்றையும் பிரித்துச் சுத்தம் செய்து, வாஷர்களைப் புதிதாக்க வேண்டும். டாட் 5.1 என்பது இன்னொரு கிளைக்கால் ஆயில், எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். காட்சிக்கு மட்டும் நிறுத்தும் காருக்கு டாட் 5 ஒத்துப்போகலாம். போட்டால், மூடியிலேயே "சிலிக்கான், வேறு ஊற்றாதே" என்று தமிழில் எழுதி ஒட்டுங்கள். அடுத்த முறை வண்டியைத் தொடப் போகிறவர் பழக்க தோஷத்தில் டாட் 4 டப்பாவைத்தான் திறப்பார்.